ஷ்ரக் போட்டா மட்டும் டிராப்ஸ் வந்துடுமா?

நம்ம ஊர் ஜிம்களில் அதிகமாகப் போடப்படுகிற, அதிகமாக வீணாகிற எக்சர்சைஸ் எது என்று கேட்டால் என் ஓட்டு ஷ்ரக்குக்குத்தான். சாயங்காலம் ஏழு மணிக்கு எந்த ஜிம்முக்குள் வேண்டுமானாலும் எட்டிப் பாருங்கள். ஒரு ஆஞ்சநேயர் படம், பக்கத்திலேயே அர்னால்ட் போஸ்டர், அதற்குக் கீழே பெரிய கண்ணாடி. அந்தக் கண்ணாடி முன்னால் ஒரு தம்பி, ஸ்டாண்டில் இருக்கிற பிளேட்டையெல்லாம் பார்பெல்லில் மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி, 'எனக்கென்ன தெரியும்' என்று சொல்கிற மாதிரி தோளைக் குலுக்கிக்கொண்டிருப்பார். தோள் ஒரு இஞ்ச் மேலே போகும். தலை நாலு இஞ்ச் முன்னால் போகும். இருபது குலுக்கல் முடிந்ததும் டி-ஷர்ட் காலரை இழுத்துவிட்டு, கழுத்துப் பக்கம் ஏதாவது முளைத்திருக்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார். :-)

முளைக்காது. ஆறு மாசம் கழித்துப் போய்ப் பார்த்தாலும் அதே தம்பி, அதே கண்ணாடி, அதே கழுத்து. பிளேட் மட்டும் இரண்டு கூடியிருக்கும்.

இந்த டிராப்ஸ் மோகம் எங்கிருந்து வந்தது என்று பெரிய ஆராய்ச்சி எல்லாம் தேவையில்லை. 2008-ல் 'வாரணம் ஆயிரம்' வந்தபோது ஊரே சிக்ஸ் பேக் பின்னால் ஓடியது. 2011-ல் 'வாரியர்' படத்தில் டாம் ஹார்டி வந்து நின்றபோது எல்லோர் கண்ணும் வயிற்றை விட்டுக் கழுத்துக்கு ஏறியது. 2015-ல் 'ஐ' படத்தில் விக்ரம் பாடிபில்டராகவே வந்தார். இதில் ஒரு நடைமுறை வசதியும் இருக்கிறது. சிக்ஸ் பேக் இருப்பதை ஊருக்குச் சொல்ல சட்டையைக் கழற்ற வேண்டும், காலேஜில் அதற்கு வழியில்லை. டிராப்ஸை எந்தச் சட்டையாலும் மறைக்க முடியாது. வைவாவுக்கு டக்-இன் பண்ணிக்கொண்டு போய் நின்றாலும் தெரியும்.

ஆசைப்படுவது தப்பில்லை, எனக்கும் அந்த ஆசை உண்டு. வழிதான் தப்பு. டிராப்ஸ் வேண்டும் என்றால் எடையைச் சுமக்க வேண்டும், தரையிலிருந்து இழுக்க வேண்டும், கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். ஷ்ரக் இதற்கெல்லாம் பிறகு வருகிற தொடுகறி. நம்ம பசங்க தொடுகறியை மட்டும் தட்டு நிறைய வைத்துச் சாப்பிடுகிறார்கள். இதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், அப்புறம் திட்டுங்கள்.

முதலில் இந்த டிராப்ஸ் என்பது என்ன? கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கிற மேடுதான் டிராப்ஸ் என்று நினைத்தால், யானையின் வாலைப் பிடித்துவிட்டு யானை கயிறு மாதிரி இருக்கிறது என்று சொன்ன கதைதான். டிரபீசியஸ் என்கிற அந்தத் தசை பின்மண்டையில் ஆரம்பிக்கிறது. பின்கழுத்து வழியாக இறங்கி, விலா எலும்புகள் சேர்கிற முதுகெலும்பின் கடைசிக் கணு வரை, அதாவது முதுகில் பாதிக்கும் கீழே வரை போகிறது. அங்கிருந்து பக்கவாட்டில் விரிந்து காலர் எலும்பின் வெளிமுனையிலும் தோள்பட்டை எலும்பின் மேல்விளிம்பிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. கணக்கு வகுப்பில் சரிவகம் படித்தோமே, அந்த டிரபீசியம்தான் பெயருக்கும் மூலம். இரண்டு பக்கத்துத் தசையையும் சேர்த்துப் பார்த்தால் முதுகில் ஒரு காற்றாடியை ஒட்டி வைத்த மாதிரி இருக்கும். அந்தக் காற்றாடியின் மேல் மூலைதான் நாம் கண்ணாடியில் பார்க்கிறது. மீதியைப் பார்க்க நமக்குப் பின்னால் கண் இல்லை, அதனால் அதற்கு வேலையும் கொடுப்பதில்லை.

இந்தத் தசைக்கு மூன்று பகுதி, மூன்று வேலை. மேல்பகுதி தோளை ஏற்றிப் பிடிக்கிறது. நடுப்பகுதி தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் முதுகெலும்பு நோக்கி இழுக்கிறது. கீழ்ப்பகுதி அதே எலும்பைக் கீழே இழுத்து வைக்கிறது. நீங்கள் கையைத் தலைக்கு மேலே தூக்கும்போது மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும், விலாவோரம் இருக்கிற செரேட்டஸ் தசையோடு சேர்ந்து, தோள்பட்டை எலும்பை ஒரு ஸ்டீயரிங் மாதிரி சுழற்றிவிடுகின்றன. அந்தச் சுழற்சி சரியாக நடந்தால்தான் கை முழுசாக மேலே போகும்.

இப்போது சுவாரசியமான விஷயம். மேல்பகுதி நார்கள் கழுத்திலிருந்து நேராகக் கீழே தொங்குகின்றன, அவை சுருங்கினால் தோள் லிஃப்ட் மாதிரி நேராக மேலே ஏறும் என்றுதான் நாம் எல்லோரும் கற்பனை செய்துகொள்கிறோம். 1994-ல் ஜான்சன், பொக்டுக் உள்ளிட்ட நால்வர் 'கிளினிக்கல் பயோமெக்கானிக்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். உடல்களை அறுத்து, ஒவ்வொரு நார்க்கற்றையும் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, எவ்வளவு பருமன் என்று அளந்து பார்த்தது அது. மேல் நார்கள் தொங்கவில்லை, பெரும்பாலும் குறுக்காகத்தான் ஓடுகின்றன என்று தெரிந்தது. மண்டையிலிருந்து வருகிற நார்கள் மெலிந்தவை. பருமனான கற்றைகள் கழுத்தின் அடிப்பகுதியில், சட்டை காலர் உட்காருகிற இடத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புக் கணுக்களை ஒட்டித்தான் கிளம்புகின்றன.

அப்படியென்றால் தோள் எப்படி மேலே போகிறது? காலர் எலும்பை ஒரு கதவு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கீல் நடு நெஞ்சில் இருக்கிறது. குறுக்காக ஓடும் இந்த நார்கள் கதவின் வெளிமுனையைப் பிடித்து உள்ளேயும் பின்னேயும் இழுக்கின்றன. கீல் திரும்புகிறது, முனை மேலே ஏறுகிறது. இதனால் இன்னொரு லாபம்: கையில் தொங்குகிற எடை கழுத்தெலும்பின் மேல் விழாமல் காலர் எலும்பு வழியாக நடு நெஞ்சுக்குப் போய்விடுகிறது. கழுத்து தப்பிக்கிறது. பொறியியல் படிக்கிறவர்களுக்கு இதைப் பார்த்தால் கண்ணில் தண்ணீர் வரவேண்டும். ஸ்ட்ரட், டை, பின் ஜாயின்ட் எல்லாம் நம்ம தோளிலேயே இருக்கிறது. மெக்கானிக்ஸ் பேப்பரில் வந்தால் ஃபெயில், உடம்பில் வந்தால் பாஸ். :)

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, இந்தத் தசையின் அன்றாட உத்தியோகம் குலுக்குவது இல்லை, தாங்குவது. கையில் எடை தொங்கும்போது தோள் சரிந்துவிடாமல் பிடித்து நிறுத்துவது. இரண்டு, கையை உடம்போடு ஒட்டி வைத்து நேராகக் குலுக்கினால் நார் ஓடுகிற திசைக்கும் நாம் இழுக்கிற திசைக்கும் பொருத்தம் குறைவு. 2014-ல் பிஸ்ஸாரி என்பவரும் கூட்டாளிகளும் அதே இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கைகளை உடம்பிலிருந்து 30 டிகிரி விலக்கி வைத்துக்கொண்டு ஷ்ரக் போட்டால், வழக்கமான ஷ்ரக்கைவிட மேல் டிராப்ஸும் கீழ் டிராப்ஸும் அதிகமாக வேலை செய்கின்றன என்பது அதில் தெரிந்தது. 30 டிகிரி என்பது பெரிய கோணம் இல்லை. இரண்டு அக்குளிலும் ஒரு தேங்காயை இடுக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி.

தாங்குகிறவர்களுக்கு டிராப்ஸ் வருகிறதா? வெயிட்லிஃப்டர்களைப் பாருங்கள். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். ஸ்னாட்சில் 149, கிளீன் அண்டு ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ. 2018 கோல்ட் கோஸ்டில் 317 கிலோ தூக்கி மறுபடியும் தங்கம். 77 கிலோவுக்குள் இருக்கிற மனிதர் 179 கிலோவைத் தரையிலிருந்து பிடுங்குகிறார் என்றால், அந்த எடை முழுவதும் ஒரு கணம் அவருடைய இரண்டு தோள்பட்டைகளில்தான் தொங்குகிறது. கால் நிமிர்ந்து, இடுப்பு நிமிர்ந்து, கடைசியில் தோள் ஒரு வெட்டு வெட்டி ஏறும். அவர்கள் போடுகிற ஷ்ரக் அதுதான். அதற்கு முன்னால் கால், இடுப்பு, முதுகு எல்லாம் வேலை செய்து முடித்திருக்கும். உடனே தலைக்கு மேலே போய் எடை நிற்கும், அங்கே கீழ் டிராப்ஸுக்கும் வேலை. காற்றாடி முழுவதுக்கும் சாப்பாடு.

பாடிபில்டிங் பக்கம் வந்தால் ரானி கோல்மன். 1998 முதல் 2005 வரை எட்டு முறை மிஸ்டர் ஒலிம்பியா. அவர் ஷ்ரக் போடுகிற வீடியோவைத்தான் நம்ம பசங்க ஷேர் பண்ணுவார்கள். அதே மனிதர் 800 பவுண்டு, நம்ம கணக்கில் சுமார் 363 கிலோ, டெட்லிஃப்டில் இரண்டு ரெப் போட்ட வீடியோவும் இருக்கிறது. அந்த முதுகும் டிராப்ஸும் எதிலிருந்து வந்தது என்று அதைப் பார்த்தால் புரியும். (அவர் பின்னாளில் முதுகிலும் இடுப்பிலும் எத்தனை ஆபரேஷன் செய்துகொண்டார் என்பதையும் கூடவே படியுங்கள். 363 கிலோ நமக்கு வேண்டாம்.)

இவர்கள் எல்லாம் எங்கோ இருக்கிறவர்கள் என்று தோன்றினால் கோயம்பேட்டுக்கு விடியற்காலையில் போங்கள். 50 கிலோ மூட்டையோடு லாரிக்கும் கடைக்கும் நடக்கிற அண்ணன்களின் பின்கழுத்தைப் பாருங்கள். யாரும் ஷ்ரக் போட்டதில்லை, புரோட்டீன் பவுடர் டப்பாவைக் கண்டதில்லை. ஆனால் இதைச் சொல்லிவிட்டு, 'பார்த்தாயா, உழைக்கிற உடம்புதான் உடம்பு' என்று சிலாகிப்பது எனக்குப் பிடிக்காது. முட்டி தேய்ந்து, இடுப்பு வலியோடு, ஓய்வு எடுக்கவும் வழியில்லாமல் தூக்குகிறவர்கள் அவர்கள். நாம் வாரத்துக்கு மூன்று நாள், நல்லாச் சாப்பிட்டுவிட்டு, எட்டு மணி நேரம் தூங்கிவிட்டு, எடையை நாமே தேர்ந்தெடுத்துத் தூக்குகிறோம். தசைக்குச் சுமை வேண்டும் என்பது அவர்களிடமிருந்து தெரிகிறது. அந்த வாழ்க்கையை எக்சர்சைஸ் பிளான் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கர்லாக்கட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பீர்கள். கர்லா சுற்றுவது தோள்பட்டைக்கு அருமையான வேலை. கட்டை முதுகுக்குப் பின்னால் சுற்றி வரும்போது தோள்பட்டை எலும்பு எல்லாத் திசையிலும் சறுக்கி நகர்கிறது. 19-ம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் இந்தியாவில் கட்டை சுற்றுவதைப் பார்த்துவிட்டு ஊருக்குக் கொண்டுபோய் 'இந்தியன் கிளப்' என்று பெயர் வைத்தார்கள். கட்டை சுழற்றுவது 1904-லும் 1932-லும் ஒலிம்பிக் போட்டியாகவே இருந்தது. எல்லாம் பெருமைதான். ஆனால் இரண்டு மூன்று கிலோ கட்டையைச் சுற்றினால் டிராப்ஸ் மலை மாதிரி எழும்பும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லேசான கட்டை மூட்டைப் பதமாக வைக்கும். பருமன் வேண்டுமென்றால் கனம் வேண்டும். வார்ம்-அப்பாக ஐந்து நிமிஷம் சுற்றுங்கள், முன்னோர்களும் சந்தோஷப்படுவார்கள், தோளும் சந்தோஷப்படும்.

சரி, என்ன செய்யலாம்?

நான் முதல் இடம் கொடுப்பது கனத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதற்கு. இங்கிலீஷில் ஃபார்மர்ஸ் வாக் என்று பெயர் வைத்து ஃபேஷன் ஆக்கிவிட்டார்கள். தெருக்குழாயிலிருந்து ஆளுக்கு ஒரு குடத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறிய அம்மாக்கள் அதற்கு எந்தப் பெயரும் வைக்கவில்லை. இரண்டு கையிலும் கனமான டம்பெல், நெஞ்சு நிமிர்ந்து, தாடை உள்ளே, தோள் காதை நோக்கி ஏறாமலும் கீழே சரியாமலும், சின்னச் சின்ன அடியாக 30, 40 மீட்டர் நடங்கள். தோள் சரிய ஆரம்பித்தால் அன்றைக்குக் கணக்கு முடிந்தது, இறக்கி வைத்துவிடுங்கள். ஹாஸ்டலில் டம்பெல் இல்லையா? பக்கெட் இருக்கிறதே. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 20 லிட்டர் பக்கெட் இரண்டு என்றால் 40 கிலோ. வராந்தா முழுக்கத் தண்ணீர் சிந்தினால் வார்டனிடம் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

இரண்டாவது டெட்லிஃப்ட். வாரம் ஒரு நாள் போதும். முதுகு வளையாமல் போடத் தெரியாதவர்கள், தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கிற வரைக்கும் எடை ஏற்ற வேண்டாம். இதை யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று நான் சொல்ல மாட்டேன். வீடியோ உங்கள் முதுகைப் பார்க்காது.

மூன்றாவது ரோ வகைகள். பார்பெல்லோ, டம்பெல்லோ, கேபிளோ. இழுத்த பிறகு தோள்பட்டை எலும்புகள் இரண்டும் முதுகு நடுவில் சேருகிற இடத்தில் ஒரு நொடி நிறுத்த வேண்டும். அந்த ஒரு நொடியில்தான் நடு டிராப்ஸ் இருக்கிறது. நம்ம ஜிம்மில் ரோ போடுகிறவர்களில் பாதிப் பேர் மோட்டார் பம்ப் கயிறு இழுக்கிற மாதிரி இழுத்துவிட்டு விடுகிறார்கள். அதில் பைசெப்ஸுக்குத்தான் கூலி.

நான்காவது, யாருமே போடாதது. குப்புறச் சாய்ந்த பெஞ்சில் படுத்துக்கொண்டு, இரண்டு கையிலும் மிக லேசான டம்பெல்லோடு, ஒய் எழுத்து மாதிரி கையை மேல்நோக்கி விரித்துத் தூக்குவது. கீழ் டிராப்ஸுக்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரிந்து இல்லை. 2 கிலோ டம்பெல்லிலேயே பத்தாவது ரெப்பில் கை நடுங்கும். 2 கிலோ டம்பெல்லை எடுக்கக் கௌரவம் இடம் தராது என்பதுதான் இதில் ஒரே கஷ்டம். கண்ணாடி முன்னால் நூறு கிலோ குலுக்குகிறவருக்கு இந்த இரண்டு கிலோவைக் கொடுத்துப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்.

கடைசியாக ஷ்ரக். ஆமாம், நானும் போடச் சொல்கிறேன். பார்பெல்லைவிட டம்பெல் நல்லது, கையை விலக்கி வைக்க முடிகிறது. உடம்பை ஒரு துளி முன்னால் சாய்த்து, கீழே இறங்கும்போது தோளை முழுசாக இறங்க விட்டு, மேலே ஏறி இரண்டு நொடி நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். தோள் மேலே ஏறக்கூடிய தூரமே ஒரு சாண் கூட இல்லை. அந்தக் கொஞ்ச தூரத்தையும் கனத்தை ஏற்றிக் கால்வாசியாக்கினால் மிச்சம் என்ன? மேலே இரண்டு நொடி நிறுத்த முடியாத எடை உங்களுக்கு அதிகம். அவ்வளவுதான் விதி. தோளை முன்னாலிருந்து பின்னால் உருட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். எடை கீழ்நோக்கி இழுக்கிறது, நீங்கள் பக்கவாட்டில் உருட்டுகிறீர்கள். அந்த உருட்டலுக்கு எதிராக எடை எதுவுமே தள்ளவில்லை, மூட்டில் உராய்வு மட்டும் மிச்சம்.

அமெரிக்காவில் பால் கெல்சோ என்று ஒருவர் ஷ்ரக்கைப் பற்றி மட்டுமே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். நின்றுகொண்டு, குனிந்துகொண்டு, படுத்துக்கொண்டு, பார் கம்பியில் தொங்கிக்கொண்டு என்று எல்லாத் திசையிலும் தோள்பட்டையை மட்டும் அசைப்பது அவருடைய வழி. ஷ்ரக் கட்சிக்காரர்களில் நான் மதிக்கிறவர் அவர்தான். காற்றாடியின் எல்லா மூலைக்கும் கயிறு கட்டியிருக்கிறார்.

எல்லாம் சேர்த்து வாரத்துக்கு டிராப்ஸுக்கு நேராக 10, 12 செட் வந்தால் ஆரம்பத்துக்குத் தாராளம். ஒவ்வொரு செட்டும் இன்னும் இரண்டு ரெப் மட்டும் போட முடியும் என்கிற இடத்தில் நிற்கட்டும். சாப்பாடு விஷயத்தில் கிலோவுக்கு 1.6 கிராம் புரோட்டீன் என்பது 2018-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து வந்த கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான், எனவே மெஸ்ஸில் வாரம் இரண்டு நாள் போடுகிற முட்டையை நம்பினால் கரையேற முடியாது. பால், நிலக்கடலை, கொண்டைக்கடலை, சோயா என்று சேர்த்துக்கொண்டே போக வேண்டும். 100 கிராம் சோயா உருண்டையில் ஐம்பது கிராமுக்குக் கிட்டப் புரோட்டீன் இருக்கிறது, விலையும் குறைவு. ருசி பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் வேறு. எங்கள் ஹாஸ்டலில் முதல் வருஷம் படிக்கிற ஒரு பையன், நாலு மாசமாக ஷ்ரக் போட்டும் ஒன்றும் வரவில்லை என்று ஒரு ஜிம் டிரெய்னரிடம் கேட்டிருக்கிறான். டயட்டைக் கேட்கவில்லை, ஃபார்மைப் பார்க்கவில்லை. 'தம்பி, டிராப்ஸ் சும்மா வராது, ஒரு சைக்கிள் போட்டா ரெண்டே மாசம்' என்று பதில். போட்டாவது, சைக்கிளாவது என்று நினைக்காதீர்கள். ஊசி. பையனுக்கு வயசு 18. அவன் அம்மா மாசாமாசம் அனுப்புகிற பணத்தில் அதற்கு விலையும் பேசியாகிவிட்டது.

அந்த டிரெய்னர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் ஆபத்து. ஸ்வீடனில் ஃபவ்சி காடி என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2000-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பவர்லிஃப்டர்களின் டிராப்ஸிலும் தொடையிலும் இருந்து துளித் துளி தசையை எடுத்துப் பார்த்தது. ஆண் ஹார்மோன் போய் ஒட்டிக்கொள்கிற ரிசெப்டர்கள் தொடையைவிட டிராப்ஸில் அதிகம். ஸ்டீராய்டு எடுத்தவர்களின் டிராப்ஸில் இன்னும் அதிகம். அதாவது ஊசி போட்டவனை முதலில் காட்டிக்கொடுக்கிற இடங்களில் டிராப்ஸும் ஒன்று. இன்ஸ்டாகிராமில் காதுவரை டிராப்ஸ் ஏறி நிற்கிற படங்களைப் பார்த்து 'எனக்கு ஏன் வரவில்லை' என்று 18 வயதில் ஏங்குகிற பையனுக்கு இதை யாராவது சொல்ல வேண்டாமா? அவன் தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னொருவனின் உழைப்போடு அல்ல, மருந்துக் கடையோடு. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திக்கொள்கிறது. விரை சுருங்கும், விந்தணு குறையும், கொழுப்புக் கணக்கு கெடும், இதயத் தசை தடிக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து அது. ஜிம் லாக்கரில் இருந்து எடுத்துக் கொடுக்கிறவர் டாக்டர் இல்லை.

பையனிடம் பேசினோம். வாரத்துக்கு இரண்டு நாள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு எங்களோடு வராந்தாவில் நடக்கிறான். ஊசி யோசனை முழுசாகப் போய்விட்டதா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. டிரெய்னர் அதே ஜிம்மில்தான் இருக்கிறார்.

எலும்பு அமைப்பும் ஒரு விஷயம். காலர் எலும்பு நீளமாக, கழுத்து உயரமாகப் பிறந்தவனுக்கு அதே தசை பரந்து தெரியும், மேடாகத் தெரியாது. கழுத்து குட்டையானவனுக்குக் கொஞ்சம் வளர்ந்தாலே மலை மாதிரி நிற்கும். இது பயிற்சியால் மாறாது. இரண்டு பேரும் ஒரே எடை தூக்கினாலும் கண்ணாடி ஒருவனுக்குத்தான் ஆதரவாகப் பேசும். அதனால் கண்ணாடியை விட்டுவிட்டு நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்: போன மாசம் எத்தனை கிலோவோடு எத்தனை மீட்டர் நடந்தேன், இந்த மாசம் எத்தனை.

வகுப்புத் தோழிகள் சிலர் இதுவரை படித்திருந்தால், 'நமக்கெதுக்கு இது, தோள் ஆம்பளை மாதிரி ஆயிடும்' என்று மூடப் போகிறீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். 2008-ல் டென்மார்க்கில் டிரபீசியஸ் தசையில் நாள்பட்ட வலி இருந்த, வேலைக்குப் போகிற பெண்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரு குழுவுக்கு டம்பெல் பயிற்சி, அதில் ஷ்ரக்கும் ரோவும் உண்டு. இன்னொரு குழுவுக்கு நிலையாக நிற்கிற சைக்கிள் மிதிப்பது. வாரம் மூன்று நாள், தடவைக்கு 20 நிமிஷம், பத்து வாரம். டம்பெல் தூக்கியவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது, பயிற்சியை நிறுத்திய பிறகும் அந்தக் குறைவு நின்றது. சைக்கிள் மிதித்தவர்களுக்கு மிதித்து முடித்த கொஞ்ச நேரத்துக்குச் சின்ன நிம்மதி, அவ்வளவுதான். கோடிங் அசைன்மென்ட் முடிக்கிற ராத்திரியில் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கட்டைவிரலை வைத்து அமுக்கிக்கொண்டே டைப் பண்ணுகிறோமே, அதே இடம்தான். தோள் பெரிசாகிவிடும் என்ற பயத்துக்கு மீராபாய் சானுவைப் பார்க்கச் சொல்வேன். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினவர். அந்த அளவுக்கு இழுத்தவருக்கே ஜிம் பசங்க கனவு காண்கிற டிராப்ஸ் வரவில்லை, வாரம் மூன்று நாள் நாலு கிலோ டம்பெல்லுக்கு வந்துவிடாது.

ஏற்கனவே கழுத்திலிருந்து கைக்கு மரத்துப்போகிற மாதிரியோ, ஷாக் அடிக்கிற மாதிரியோ வலி இருப்பவர்கள் பக்கெட்டையும் தொடாதீர்கள், டம்பெல்லையும் தொடாதீர்கள். அது நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், முதலில் டாக்டர். மற்றவர்கள் இந்த வாரம் ஷ்ரக் பாரில் இருந்து இரண்டு பக்கமும் ஒரு பெரிய பிளேட்டைக் கழற்றிவிட்டு, மேலே இரண்டு நொடி நிறுத்திப் பத்து ரெப் போட்டுப் பாருங்கள். பத்தும் வந்தால் என்னிடம் வந்து சண்டை போடலாம்.